சுகர் வரிசையில் யாரும் கேட்காத கேள்வி

வல்லக்கோட்டை காலனியில் ஒரு பெரிம்மா இருக்கிறார். வயது 56. பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அதனால் பெரிம்மா என்றே இருக்கட்டும். ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கான்ட்ராக்டருக்குக் கீழே ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்தவர். 12 வருடமாகச் சுகர். மாதம் தவறாமல் போய் வரிசையில் நின்று மாத்திரை வாங்கி வருவார். "நான் ஒரு நாள் கூட மாத்திரைய வுட்டதில்ல" என்று பெருமையாகச் சொல்வார். அது உண்மைதான், அட்டையைப் பார்த்திருக்கிறோம்.

சென்ற வருடம் வேறொரு வேலையாக, முதியோர் உதவித்தொகை மனு எழுதிக் கொடுக்க, அந்தத் தெருவுக்குப் போயிருந்தோம். எங்களில் ஒரு தோழி பெரிம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, குரலைத் தாழ்த்தி அவர் சொன்னது இது: "தூரம் நின்னு அஞ்சு வருஷம் ஆச்சி பாப்பா. எட்டு மாசமா திரும்பவும் படுது. மெஷின் சூட்டுல வேலை செய்யறோம் இல்ல, அதான் சூட்டுல வருதுன்னு நெனச்சேன்." மருந்துக் கடையில் சொல்லி ஏதோ மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறார். கொஞ்ச நாள் நின்றிருக்கிறது, பிறகு மறுபடியும்.

அந்த எட்டு மாதத்தில் எட்டு முறை அவர் சுகர் வரிசையில் நின்றிருக்கிறார். எட்டு முறை விரலில் குத்தி ரத்தம் எடுத்திருக்கிறார்கள், பிரஷர் பார்த்திருக்கிறார்கள், மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். வேறு எதையும் யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஆண்களும் பெண்களுமாக நாற்பது பேர் நிற்கிற வரிசையில் எப்படிச் சொல்வார்?

கருப்பையின் உள்சவ்வில் புற்றுநோய். ஸ்கேனும் பயாப்சியும் முடிந்து அந்தச் சொல் எங்கள் காதில் விழுந்தபோது, எங்களுக்கே ஒரு விஷயம் தெரிந்திருக்கவில்லை. 12 வருடச் சுகருக்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம் என்பது. சமூகப் பணி, சமூகவியல் என்று படித்தவர்கள் நாங்கள். ஊர் ஊராகச் சுகாதாரம் பேசுகிறோம். சுகர் என்றால் கண், கிட்னி, கால் புண், மாரடைப்பு, இவ்வளவுதான் எங்கள் பேச்சில் இருந்தது. அந்த வெட்கத்தில்தான் படிக்க ஆரம்பித்தோம். படித்ததை இங்கே எழுதுகிறோம்.

2010-இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமும் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து அவர்கள் சொன்னது: இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களுக்குக் கல்லீரல், கணையம், கருப்பை உள்சவ்வு ஆகிய இடங்களில் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு அல்லது அதற்கும் மேல். பெருங்குடல், மார்பகம், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் கொஞ்சம் கூடுதல், ஒன்றேகால் ஒன்றரை மடங்கு என்ற அளவில். ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் புற்றுநோய் மட்டும் சுகர் உள்ளவர்களிடம் குறைவாகவே காணப்படுகிறது.

இரண்டு மடங்கு என்றவுடன் பயந்துவிடக் கூடாது. உதாரணத்துக்கு, ஆயிரம் பேரில் ஐந்து பேருக்கு வரக்கூடிய நோய் என்று வைத்துக்கொண்டால், இரண்டு மடங்கு என்பது பத்து பேர். மீதி 990 பேருக்கு வராது. சுகர் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு இந்தப் புற்றுநோய்கள் வரப்போவதில்லை. ஆனால் இந்தியாவில் சுகர் உள்ளவர்கள் ஆயிரம் பேர் இல்லை, 10 கோடிப் பேர். ஐ.சி.எம்.ஆர். நிதியில் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்திய ஆய்வு 2023-இல் வெளியானது. 2008 முதல் 2020 வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை நேரில் பரிசோதித்த ஆய்வு அது. நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் என்றது. இவ்வளவு பெரிய கூட்டத்தில் சின்னக் கூடுதல் ஆபத்து கூட லட்சக்கணக்கான வீடுகளின் கதவைத் தட்டும்.

எப்படி இந்தத் தொடர்பு? சீனி தின்றால் கேன்சர் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அது இல்லை. இரண்டாம் வகை நீரிழிவில் முதலில் கெடுவது இன்சுலினின் பேச்சு. உடம்பு அதன் பேச்சைக் கேட்க மறுக்கிறது. கணையம் இன்னும் அதிகமாகச் சுரந்து ஈடுகட்டப் பார்க்கிறது. சுகர் என்று டாக்டர் சொல்வதற்குப் பல வருடம் முன்பிருந்தே ரத்தத்தில் இன்சுலின் கூடுதலாக ஓடிக்கொண்டிருக்கும். இன்சுலினுக்குச் சர்க்கரையைக் கையாள்வது மட்டும் வேலை கிடையாது. செல்களை வளரச் சொல்வதும் அதன் வேலை. வளரக் கூடாத செல்லுக்கும் அந்த உத்தரவு போய்ச் சேர்கிறது. கூடவே, கொழுப்புத் திசுவால் உடம்பு முழுக்க அணையாமல் கனன்றுகொண்டிருக்கும் அழற்சி. கருப்பை விஷயத்தில் இன்னொன்றும் சேரும். தூரம் நின்ற பிறகு பெண் உடலில் ஈஸ்ட்ரோஜன் பெரும்பாலும் கொழுப்புத் திசுவில்தான் உருவாகிறது. அதைக் கட்டுப்படுத்தும் மற்ற ஹார்மோன் அப்போது இருப்பதில்லை. உள்சவ்வு தடித்துக்கொண்டே போகும்.

கல்லீரலுக்கும் இதே போல ஒரு வழி உண்டு. சுகர் உள்ளவர்களுக்குக் கல்லீரலில் கொழுப்பு படிவது சாதாரணம். அது சிலருக்கு வீக்கமாகி, தழும்பாகி, புற்றுநோய் வரை போகிறது. ஒரு சொட்டு சாராயம் தொடாதவருக்கும் இது நடக்கும். காலனியில் யாருக்காவது கல்லீரல் கெட்டது என்றால் "குடிச்சான், போனான்" என்று முடித்துவிடுகிற ஊர்ப் பேச்சு நமக்குத் தெரியும். சில டாக்டர்களிடமும் அந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறோம்.

கணையத்தில் கதை தலைகீழாகவும் இருக்கலாம். ஐம்பது வயதுக்கு மேல், குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல், திடீரென்று சுகர் வந்து உடம்பும் இளைத்துக்கொண்டே போனால், சில சமயம் கணையப் புற்றுநோயே அந்தச் சுகரைக் கொண்டுவந்திருக்கும். புதிதாகச் சுகர் கண்டவர்களில் நூற்றில் ஒருவர் அளவுக்குத்தான் அப்படி இருக்கும். ஆனாலும் "சுகர் வந்தா இளைக்கத்தான் செய்யும்" என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் எடையைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வரும். சுகர்தான் புற்றுநோயைக் கொண்டுவருகிறதா, இல்லை இரண்டையும் கொண்டுவருவது வேறு ஒன்றா? வயது, உடல் பருமன், உணவு, உடலசைவு இல்லாத வாழ்க்கை என்று இரண்டுக்கும் பொதுவான காரணங்கள் இருப்பதை 2010 அறிக்கையே சொல்கிறது. மருத்துவர்கள் இதைப் பிரித்துப் பார்க்க இன்னும் உழைக்கிறார்கள். சமூகவியல் படித்த நமக்கோ அந்தப் பொதுவான காரணங்கள்தான் முக்கியம். அவை எங்கிருந்து வந்தன? "வாழ்க்கைமுறை நோய்" என்று சொல்கிறார்கள். எங்களுக்கு அந்தச் சொல்லே பிடிப்பதில்லை. வல்லத்திலும் வடகாலிலும் மாத்தூரிலும் யார் தன் வாழ்க்கைமுறையைத் தானே தேர்ந்தெடுத்தார்கள்?

பசியிலிருந்து தொடங்குவோம். 1991-இல் இங்கிலாந்தில் ஹேல்ஸ், பார்க்கர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பகுதியின் முதியவர்களைப் பரிசோதித்தார்கள். பிறந்தபோது எடை குறைவாக இருந்தவர்களுக்கு அறுபது வயதுக்கு மேல் சுகர் அதிகம் இருந்தது. நம் நாட்டில் புனே அருகே ஆறு கிராமங்களில் மருத்துவர் யாஜ்னிக் குழுவினர் 1993-இல் தொடங்கிய ஆய்வு அதை இன்னும் நெருக்கமாகக் காட்டியது. அங்கே பிறந்த குழந்தைகள் இங்கிலாந்துக் குழந்தைகளைவிட எடை மிகக் குறைவு, தசை குறைவு, ஆனால் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. ஒல்லியாகத் தெரியும் உடம்பு, உள்ளே கொழுப்பு. வயிற்றில் இருக்கும்போதே பஞ்சத்துக்குத் தயாராகிவிட்ட உடம்பு அது. பிறகு அதற்குத் தட்டு நிறைய வெள்ளைச் சோறு கிடைத்தால் தாங்குவதில்லை.

பழைய செங்கல்பட்டு மாவட்டம் இது. இங்கே ஆட்சியராக இருந்த ட்ரெமன்ஹீர் 1891-இல் பறையர் மக்களின் வறுமையையும் நிலமின்மையையும் பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். அதைத் தொடர்ந்து 1892-இல் வந்ததுதான் பஞ்சமி நிலம். அந்த நிலம் எத்தனை பேர் கையில் நின்றது என்பது வேறு கதை, வாசகர்களுக்குத் தெரிந்த கதை. இங்கே சொல்ல வருவது: மற்றவர் நிலத்தில் நாற்று நட்டு, மற்றவர் அளந்து போட்ட கூலி நெல்லில் வாழ்ந்த நம் பாட்டிகள் கர்ப்பமாக இருந்தபோது என்ன சாப்பிட்டார்கள்? அந்தப் பசி அவர்களோடு போய்விடவில்லை. ஒரு பெண் பிறக்கும்போதே அவள் சினைப்பையில் பிற்காலத்தில் உருவாக வேண்டிய கருமுட்டைகள் எல்லாம் இருக்கின்றன. பாட்டியின் வயிற்றில் அம்மா இருந்தபோதே நாமும் அங்கே ஒரு துளியாக இருந்தோம்.

அப்புறம் சோறு. கேழ்வரகும் கம்பும் இருந்த இடத்தில் ரேஷன் அரிசி வந்தது. ரேஷன் அரிசியைக் குறைசொல்ல எங்களுக்கு வாய் வராது, அது எத்தனை பட்டினியைத் தடுத்தது என்று தெரியும். ஆனால் அரிசியோடு பருப்பும் முட்டையும் காயும் அதே அளவுக்கு வரவில்லை. 21 நாடுகளில் ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2020-இல் வெளியானது. வெள்ளை அரிசி அதிகம் உண்பவர்களுக்கு நீரிழிவு அதிகம் என்றது. அந்தத் தொடர்பு தெற்காசியாவில்தான் மிக வலுவாக இருந்தது. ஷிப்ட் முடிந்து வரும் பிள்ளைகளைப் பாருங்கள். கேண்டீன் சோறு, குழம்பு, நடுவில் இரண்டு மூன்று சர்க்கரை டீ, பிஸ்கட். ரூமில் சமைக்கத் தெம்பு கிடையாது, ரோட்டோரம் பரோட்டா.

இங்கே கிளினிக்கில் கிடைக்கும் ஓர் அறிவுரையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். காலனியிலிருந்து வருபவர் என்று தெரிந்தவுடன் சிலர் முதலில் சொல்வது, "மாட்டுக்கறிய நிறுத்து." 2015-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பட்டியலிலும், சிவப்பு இறைச்சியை அநேகமாக உண்டாக்கும் என்ற பட்டியலிலும் சேர்த்தது உண்மை. அதை மறைக்க மாட்டோம். ஆட்டுக்கறியும் சிவப்பு இறைச்சிதான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரு வேளை கறி சாப்பிடும் குடும்பத்தில் சுகரை ஏற்றுவது அந்தக் கறி கிடையாது, மீதி இருபது வேளைச் சோறு. காசுக்குத் தகுந்த புரதம் எது என்று பார்த்தால் கறியும் முட்டையும் கருவாடும்தான் நம் வீட்டுக்கு வரும். சோற்றைக் குறைத்துப் பருப்பையும் கீரையையும் முட்டையையும் கூட்டச் சொல்லும் டாக்டருக்கு நன்றி சொல்லுவோம். தட்டைப் பார்க்காமல் சாதியைப் பார்த்துச் சொல்லும் அறிவுரை மருத்துவத்தில் சேராது.

மூன்றாவது, இரவு. இந்தக் காரிடாரில் இரவு என்பதே இல்லை. வல்லக்கோட்டை முருகன் கோயில் நடை சாத்திய பிறகும் கம்பெனி பஸ்கள் போய்க்கொண்டே இருக்கும். உடம்பின் கடிகாரத்தைக் குலைக்கும் இரவு ஷிப்ட் வேலை அநேகமாகப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று அதே முகமை 2007-இல் வகைப்படுத்தியது. 2019-இல் மறுபடியும் ஆராய்ந்து அதையே உறுதிசெய்தது. நீண்ட காலம் இரவு ஷிப்ட் பார்ப்பவர்களுக்குச் சுகர் வரும் வாய்ப்பும் கூடுதல் என்பது பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. ஆக ஒரே இரவு இரண்டு பக்கமும் வெட்டுகிறது. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் திருத்தத்தைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றினார்கள், தொழிற்சங்கங்கள் எதிர்த்தபின் மே நாளில் திரும்பப் பெற்றார்கள். அந்த விவாதம் முழுவதும் கூலி, ஓய்வு, குடும்பம் என்று நடந்தது. சுகரையும் கேன்சரையும் நாமும் அங்கே பேசவில்லை. பேசியிருக்க வேண்டும். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் வளாகம் திறக்கப்பட்டது. இருபது வயதில் உள்ளே போகும் அந்தத் தங்கைகள் இருபத்தைந்தில் கல்யாணமாகி ஊருக்குத் திரும்புவார்கள். அவர்களுக்கு ஐம்பது வயதில் வரப்போவதை எந்தக் கம்பெனியின் பதிவேடும் எழுதிவைக்காது.

பெரிம்மாவிடம் திரும்புவோம்.

நோய் என்னவென்று தெரிந்த பிறகு நடந்ததுதான் எங்களை அதிகம் படுத்தியது. ஆபரேஷனுக்கு முன் ரத்தச் சர்க்கரை 340. அந்த அளவில் வெட்டினால் புண் ஆறாது, கிருமி தொற்றும். முதலில் சுகரை இறக்கிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். மருத்துவ ரீதியில் சரியான முடிவு. அதற்கு ஐந்து வாரம் ஆனது. தவறாமல் மாத்திரை போட்டவருக்கு எப்படி 340? மாத்திரை 12 வருடமாக அதே மாத்திரை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. பரிசோதனை அவருக்கு ஒருமுறை கூட எடுத்ததாக அட்டையில் இல்லை. கேன்சர் பக்கம் இருந்தவர்கள் சுகர் டாக்டரைப் பார்க்கச் சொன்னார்கள், சுகர் பக்கம் இருந்தவர்கள் கேன்சர் டாக்டரிடம் எழுதி வாங்கிவரச் சொன்னார்கள். இரண்டு கவுண்டர், இரண்டு சீட்டு, இரண்டு நாள் லீவு. மூன்றாவது லீவுக்குக் கான்ட்ராக்டர் வேறு ஆளைப் போட்டுவிட்டார். வேலை போனதும் இ.எஸ்.ஐ. சந்தாவும் நின்றது.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுக்கலாம் என்று போனோம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பெரிம்மாவின் மகன் ஒரு கம்பெனியில் அப்ரென்டிஸ். மாதம் 14,000 உதவித்தொகை. வருடத்துக்கு 1,68,000. வரம்பு தாண்டியாகிவிட்டது. சரி, மகன் வேலை பார்க்கிறானே, அவன் இ.எஸ்.ஐ.யில் அம்மாவைச் சேர்க்கலாமே? அப்ரென்டிஸ் சட்டத்தின்படி அப்ரென்டிஸ் தொழிலாளி ஆக மாட்டார், அவருக்கு இ.எஸ்.ஐ. கிடையாது. காப்பீட்டுக்கு அவன் சம்பாதிக்கிறவன், இ.எஸ்.ஐ.க்கு அவன் மாணவன். இதை எழுதும்போது சிரிப்பு வருகிறது, அன்று வரவில்லை. இந்தக் காரிடாரில் இப்படி இரண்டு பக்கமும் விழாத குடும்பங்கள் ஒன்று இரண்டு அல்ல. தோழர்கள் அவரவர் தெருவில் கணக்கெடுத்துப் பாருங்கள்.

நல்ல வேளையாக இந்த மாநிலத்தில் அரசு மருத்துவமனைகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா பெயரில் புற்றுநோய்க்கென்றே அரசு மருத்துவமனை இருக்கிறது. அடையாறில் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கி, மருத்துவர் சாந்தா தன் வாழ்நாளையே கொடுத்த நிறுவனம் இருக்கிறது. அரசும் ஒன்றும் செய்யவில்லை என்று நாங்கள் சொல்ல மாட்டோம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீட்டு வாசலுக்கே சுகர் மாத்திரையைக் கொண்டுவந்தது. 2024-இல் அதற்கு ஐ.நா. விருதும் கிடைத்தது. முப்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சுகர், பிரஷர், வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய ஐந்தையும் பார்க்க வேண்டும் என்பது திட்டத்திலேயே இருக்கிறது. 2010-இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த தேசியத் திட்டத்தின் பெயரிலேயே புற்றுநோய், நீரிழிவு இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. காகிதத்தில் ஒன்றாக இருப்பவை கவுண்டரில் பிரிந்துவிடுகின்றன.

கருப்பைவாய்ப் பரிசோதனையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 30 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் எப்போதாவது ஒருமுறை அந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர் கூட இல்லை. இந்திய அளவில் இரண்டு பேர் கூட இல்லை என்பதால் நாம் முன்னிலை! இன்னொன்று, அந்தப் பரிசோதனை பார்ப்பது கருப்பையின் வாயை மட்டும். பெரிம்மாவுக்கு வந்தது உள்ளே. உள்சவ்வுப் புற்றுநோய்க்கு எல்லோருக்கும் செய்யும்படியான பரிசோதனை கிடையாது. ஆனால் அது பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் வருகிறது. தூரம் நின்ற பிறகு ரத்தம் படுவதுதான் அதன் குரல். அந்தக் கட்டத்தில் கவனித்தால் ஆபரேஷனிலேயே குணமாகும் வாய்ப்பு அதிகம். கேட்பதற்கு மெஷின் வேண்டாம், கிட் வேண்டாம். சுகர் வரிசையில் நிற்கும் ஐம்பது வயதுப் பெண்ணிடம், மறைவாக, ஒரு நர்ஸம்மா ஒரு கேள்வி கேட்டால் போதும்.

இதெல்லாம் பிற்காலத்தில் வரும் நோய், முதுமையின் நோய் என்பார்கள். முதுமை எல்லோருக்கும் ஒரே வயதில் வருகிறதா? ஐ.நா. பெண்கள் அமைப்பு 2018-இல் வெளியிட்ட அறிக்கையில் ஒரு கணக்கு இருந்தது: இந்தியாவில் தலித் பெண்கள் இறக்கும் சராசரி வயது 39.5, உயர்சாதிப் பெண்கள் இறக்கும் சராசரி வயது 54.1. இந்த எண்ணை மேடையில் சொல்லும்போது தோழர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இது ஆயுட்காலக் கணக்கு அல்ல, இறந்தவர்களின் சராசரி வயது. இளவயதினர் அதிகம் உள்ள சமூகத்தில் இந்த எண் இயல்பாகவே குறையும். அதைக் கழித்தாலும் இடைவெளி மறையவில்லை. ஒன்பது வட, கிழக்கு, மத்திய மாநிலங்களின் தரவை வைத்து 2022-இல் வந்த வேறொரு ஆய்வு, பட்டியல் சாதியினரின் ஆயுட்காலம் உயர்சாதி இந்துக்களைவிட மூன்று வருடத்துக்கும் மேல் குறைவு என்றது. 56 வயதில் பெரிம்மாவைப் பார்த்தால் எழுபது என்றுதான் சொல்வீர்கள். எங்களில் ஒருவரின் பேராசிரியருக்கும் அதே 56. அவர் காலையில் டென்னிஸ் ஆடுகிறார்.

2023 ஆய்வு வந்தபோது செய்தித்தாள்கள் எந்த மாநிலத்தில் எவ்வளவு சுகர் என்று வரைபடம் போட்டன. நகரம், கிராமம், ஆண், பெண் எல்லாம் இருந்தது. சாதி இல்லை. சுகர் அட்டையில் புற்றுநோய்க்கு இடம் இல்லாதது போல, நோய்க் கணக்கில் நமக்கு இடம் இல்லை. எண்ணாத நோயை யாரும் தேடிவர மாட்டார்கள்.

பயத்தில் மாத்திரையை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறோம். 2013 ஜூனில் பயோகிளிட்டசோன் என்ற சுகர் மாத்திரையைச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் சந்தேகத்தில் ஒன்றிய அரசு தடைசெய்தது. அடுத்த மாதக் கடைசியிலேயே எச்சரிக்கை வாசகத்தோடு தடையை விலக்கியது. அந்தச் செய்தி இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. நம் ஆட்கள் பெரும்பாலும் போடுவது மெட்ஃபார்மின். அதைப் போடுபவர்களிடம் புற்றுநோய் குறைவாக இருப்பதாகச் சில கண்காணிப்பு ஆய்வுகள் காட்டின. மார்பகப் புற்றுநோய் நோயாளிகளிடம் அதையே மருந்தாகச் சோதித்துப் பார்த்து 2022-இல் வந்த முடிவோ பலனில்லை என்றது. ஆக அது கேன்சர் மருந்தும் இல்லை, கேன்சர் உண்டாக்கியும் இல்லை. சுகர் மாத்திரை, அவ்வளவுதான். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

அண்ணல் அம்பேத்கருக்கும் சுகர் இருந்தது. அரசியலமைப்பு வேலை நடந்துகொண்டிருந்த 1948-இல் கால் வலியாலும் தூக்கமின்மையாலும் அவதிப்பட்டார், இன்சுலின் போட்டுக்கொண்டார். அந்த ஏப்ரலில் அவர் மணந்துகொண்ட சவிதா ஒரு மருத்துவர். 65 வயதில் போய்விட்டார். அவருக்குப் பக்கத்திலேயே டாக்டர் இருந்தும் அந்த நோய் அவரை அந்தப் பாடு படுத்தியது. ஒவ்வொரு டிசம்பர் 6-ஆம் தேதியும் நாம் மாலை போடுகிறோம், ரத்ததான முகாம் நடத்துகிறோம், பல ஊர்களில் இலவசச் சுகர் பரிசோதனையும் வைக்கிறோம்.

இந்த வருடம் முகாம் வைக்கும் மாணவத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். விரலில் குத்தி எண்ணை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். அந்தச் சீட்டில் கீழே நான்கு வரி சேருங்கள்: தூரம் நின்ற பிறகு ரத்தம் படுகிறதா, மார்பில் கட்டியோ மாற்றமோ தெரிகிறதா, காரணமில்லாமல் எடை குறைகிறதா, மலத்தில் ரத்தமோ பல வாரமாக மாறிப்போன மலப்போக்கோ இருக்கிறதா. ஹெச்.பி.ஏ.1.சி. கடைசியாக எப்போது எடுத்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். "ஆமாம்" என்று சொன்னவரைத் தனியே போகச் சொல்லாதீர்கள், யாராவது ஒருவர் கூடப் போங்கள், ஸ்ரீபெரும்புதூரில் பஸ் மாறி காரப்பேட்டை வரை. சுகாதார நிலையத்தில் சுகர் அட்டையிலேயே இந்தக் கேள்விகளை அச்சிட வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் கேளுங்கள். அப்ரென்டிஸ் பிள்ளைகளின் குடும்பங்கள் காப்பீட்டுக்கு வெளியே நிற்பதை எந்தத் தொழிற்சங்க மேடை கிடைத்தாலும் பேசுங்கள்.

பெரிம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்து கதிர்வீச்சும் முடிந்துவிட்டது. சுகர் இப்போது கட்டுக்குள் இருக்கிறது. வேலை திரும்பக் கிடைக்கவில்லை. முகாம் பற்றி அவரிடம் யோசனை கேட்டோம். அவர் சொன்னது ஒன்றுதான்: "பொம்பளைங்கள கேக்கறதுக்கு ஒரு தனி மேசை போடுங்க. நடுவுல ஒரு பொடவைய கட்டி வுடுங்க. பேனர் பக்கத்துல வச்சா எவளும் வாய தொறக்க மாட்டா."